சமையலறை வேறு தாலுகா

பெருங்களத்தூர் ரயில்வே ஃபிட்டர் தசரதன் 1991 மார்ச்சில் தன் வீட்டுக் கூடத்தில் இறந்தார், சமையலறையில் இறக்கவில்லை.

அதற்கு அவரேதான் காரணம். சமையலறை கட்டும்போது படிக்கல் வாங்க மனமில்லாமல், தோட்டத்துக் கோடியில் நின்ற எல்லைக்கல்லைப் பிடுங்கிவந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பதித்தார். "சர்க்கார் கல்லுங்க, வேணாம்" என்று மனைவி பாலாம்பாள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எண்பத்தொன்பதில் தாலுகாவை இரண்டாகப் பிரிக்க வந்த சர்வேயர்கள் கல் கிடந்த இடத்திலேயே கோட்டைப் போட்டார்கள். கூடம் வடக்குத் தாலுகா, சமையலறை தெற்குத் தாலுகா என்றானது. அதன்பின் கரண்ட் போனாலும் பாதி வீட்டுக்குத்தான் போகும்.

அவர் இறந்தபின் காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டவில்லை. பதினேழாம் நாள் பாலாம்பாள் உலை வைக்கப் போனபோது அவர் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "இன்னா, ரெண்டு வாரமா ஒரு டீ கூட இல்ல?" என்றார். வடக்கில் மரணத்தைப் பதிவு செய்திருந்தார்கள், தெற்கில் யாரும் செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து கல்லைத் தாண்டும்போது பொட்டு வைத்துக்கொள்வாள், கூடத்துக்குத் திரும்பும்போது அழித்துவிடுவாள். சொந்தக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சொல்லப்போனால் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதற்காகக் கூசவும் செய்தாள்.

கூசியது மகள் கன்னியம்மாவை நினைத்து. அப்பாவின் வேலை அவளுக்கு வர வாரிசுச் சான்று வேண்டும். வீடு இரண்டு தாலுகாவில் இருந்ததால் இரண்டு கையெழுத்து வேண்டும். தெற்கிலிருந்து வருஷாவருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார். தசரதன் பூண்டு உரித்துக்கொண்டே அவருக்கு வணக்கம் வைப்பார். "உயிரோட கீற மனுஷனுக்கு நான் எப்டிம்மா எழுதித் தர்றது?" என்று இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். பெண் பார்க்க வந்தவர்கள் வேலை உண்டா என்றார்கள், அப்பா இருக்கிறாரா என்றார்கள். டீயைக் குடித்துவிட்டு அவர்களும் போனார்கள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. கன்னியம்மாவுக்கு முப்பது நெருங்கியது, வேலைக்கான வயதும் தாண்டப் போனது.

தொண்ணூற்றேழில் மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தபோது கற்களைச் சரிபார்க்க ஆள் வந்தார். பழைய வரைபடத்தின்படி கல்லின் இடம் தோட்டத்துக் கோடி. ஆட்சேபனை இல்லையென்று வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால் அங்கேயே நட்டுவிடலாம் என்றார். பாலாம்பாள் காகிதத்தோடு கல்மேல் நின்றாள்.

"போடு பாலா. பொண்ணுக்கு முடி நரைக்குது" என்றார் தசரதன்.

"போட்டா நீங்க?"

"கல்லு எங்க போவுதோ, அதுக்கு அந்தாண்ட."

போட்டாள். எழுத்து எழுத்தாக, அழுதுகொண்டே போட்டாள். கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து இரண்டு பேர் தூக்கினார்கள். கல் நகர நகர அவரும் அதற்கு முன்னால் பின்வாங்கினார். பின்கட்டு வாசல், துவைக்கிற கல், கிணறு எல்லாம் தாண்டி, மதிலுக்கு அப்பால் போய் நின்றார். அங்கே வனத்துறைக் காடு, யாருக்கும் அனுமதி இல்லை. அன்று சாயங்காலம் வண்டலூர் மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கம் கர்ஜித்தது. பாலாம்பாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

வீடு முழுக்க வடக்கில் சேர்ந்ததால் ஒரு கையெழுத்தே போதுமென்றானது. ஆகஸ்டில் வேலை உத்தரவு வந்தது. கன்னியம்மா தினமும் ஏழே முக்கால் ரயிலுக்கு ஓடுகிறாள்.

கட்டியவனை இழந்த மற்றப் பெண்களைப்போல பாலாம்பாளும் மத்தியானம் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைக்கிறாள். மதில் ஆளுயரத்துக்குமேல். அந்தப்பக்கமிருந்து ஒரு கை மட்டும் வரும். ஃபிட்டர் கை, கட்டைவிரல் நகம் கறுத்தது. சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொள்ளும். உப்பு குறைந்தால் மதிலை இரண்டு தட்டுத் தட்டும், அவள் கொண்டுபோய் வைப்பாள். காக்கை ஓரமாக உட்கார்ந்து அவர் முடிக்கும்வரை காத்திருக்கும்.