தக்காளியும் உப்பும் மட்டும்

"தக்காளி, உப்பு. கையால மசிக்கணும். அடுப்புல ஏத்தவே கூடாது, பீட்சாவோட சேர்ந்து ஓவன்ல வெந்துக்கும். அவ்ளோதான் சகலை."

பெரிய மாப்பிள்ளை இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். சின்ன மாப்பிள்ளை ஒரு தடவைகூட நம்பியதில்லை. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்கிற சாஸில் இரண்டே சாமானாம். யாருக்குக் காது குத்துகிறார் இந்த மனுஷன்?

அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் சேர்ந்து நடத்தும் பீட்சாக் கடை அது. மாமனார் வீட்டுப் பட்டங்கள் கடையிலும் ஒட்டிக்கொண்டன. சாஸ் பெரியவர் பொறுப்பு. மாவும் கொள்முதலும் சின்னவர் பொறுப்பு. கொள்முதலில் தான் ஒரு புலி என்பது சின்னவரின் எண்ணம். டின் தக்காளியை மொத்தக் கடையில் அவர் அடித்துப் பேசி வாங்கி வந்த கதையை, சாப்பிட வந்தவர்களும் பாதி மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலையில் பெரியவர் வந்ததும் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். கையில் துண்டு போட்டு மூடிய ஒரு பை. உள்ளே போகும்போதும் கனமாகப் போகும், வெளியே வரும்போதும் கனமாகவே வரும். மாவைப் பிசைந்துகொண்டே சின்னவர் அந்தப் பையை ஓரக்கண்ணால் எடை போடுவார்.

"ரெண்டு சாமானுக்கு எதுக்குடி கதவு?" என்று வீட்டில் மனைவியைக் கேட்டார்.

"ஈ வரும்னு அத்தான் சாத்துவாரு."

"ஈ வரும்னா பைக்கு எதுக்குத் துண்டு?"

"உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம். போய்ப் படுங்க."

படுத்தால் தூக்கம் எங்கே வரும்? வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடை திறக்கிறது. அது முழுக்கச் சின்னவர் பொறுப்பு. அங்கே அந்த ருசி வராவிட்டால் கடை படுத்துவிடும். பெரியவர் நிழலில் பிழைத்தவன் என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். "அந்தக் கடைக்கும் சாஸ நானே செஞ்சு அனுப்பிடறேனே" என்று பெரியவர் வலிய வந்து சொன்னது சின்னவரின் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. குடுமி தன் கையிலேயே இருக்கட்டும் என்று பார்க்கிறார், வேறென்ன?

வீட்டில் அவரும் செய்து பார்த்தார். கடை டின்னைத்தான் உடைத்தார், சொன்னபடி உப்புப் போட்டுக் கையால் மசித்தார். தண்ணீர் தனியாகவும் புளிப்பு தனியாகவும் நின்றது. சர்க்கரை போட்டார். கேரட் அரைத்து ஊற்றினார். கடைசியில் பட்டையைத் தட்டிப் போட்டார். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சாஸா, கஷாயமா?" என்றாள். ஆக, எதையோ மறைக்கிறார். இனிச் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை காலை சின்னவர் மாவுக் கையோடு போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது, கதவு சட்டென்று திறந்துகொண்டது.

பெரியவர் திருடன் மாதிரி விழித்தார். மேஜைமேல் அந்தப் பை. அதிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது ஒரு டின். கடையில் இல்லாத டின்.

"மாட்டினீங்களா!" சின்னவர் பாய்ந்து அதைப் பறித்தார். மேலே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். தக்காளி, உப்பு. திருப்பிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் கீழே இருந்த வாளியைக் கவனித்தார். அதில் அவர் அடித்துப் பேசி வாங்கிய தக்காளி கிடந்தது. வெளுத்த சதை, காம்புப் பக்கம் பச்சை, சுருண்ட தோல், மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். பக்கத்துப் பாத்திரத்தில் பெரியவர் மசித்தது அடர்சிவப்பாக, கரண்டி நிற்கிற பதத்தில் இருந்தது.

"என் தக்காளி எதுக்கு வாளியில?"

பெரியவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அது சாஸுக்கு ஆகல சகலை. நான் தனியா வாங்கிட்டு வரேன்."

"எத்தனை நாளா?"

"கடை ஆரம்பிச்ச மறுமாசத்துலேருந்து."

சின்னவருக்குக் காது சுட்டது. "சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. தக்காளி சரியில்லன்னு ஒரே வார்த்தை. நீங்க ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சிருந்தீங்க. அப்புறம் அக்காளும் தங்கச்சியும் பேசிக்கல. தக்காளிக்காக ரெண்டு வீடு பிரியணுமான்னு விட்டுட்டேன்."

சின்னவர் வாளியையே பார்த்தார். "இதை என்ன பண்றீங்க?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். உங்க அண்ணி நல்லா சுண்ட வச்சு சூப் பண்ணிடுவா. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து குடிப்பீங்களே, அதான்."

அந்த சூப்பை அவர் ஒரு நாளாவது குறை சொல்லாமல் குடித்ததில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், அழுகைதான் முட்டியது. இத்தனை நாள் ஒரு மனுஷன் தன் பங்கிலிருந்து செலவழித்து நம் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். நாமோ அவன் பையை எடை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். சின்னவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு..." என்று ஆரம்பித்தார், பறித்த டின்னை மேஜைமேல் திருப்பி வைத்தார். "அந்தக் கடைக்கும் தக்காளி நீங்களே வாங்கிக் குடுங்க சகலை."

"குடுக்கறேன்." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வீட்ல நீங்க வாங்கினதாவே இருக்கட்டும். மச்சினி உங்க பேரத்தைப் பத்தி ரொம்பப் பெருமையா பேசுது."

வேண்டாம், நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் சின்னவர் வாயைத் திறந்தார்.

"சரி" என்றுதான் வந்தது. அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதைவிட அந்தச் சரிக்குத்தான் அவர் அதிகம் வெட்கப்பட்டார்.