ஒஸ்தியாவுக்குப் போன சாமந்தி

"அம்மா என்ன, எழுந்தா போயிடப் போறா?" என்று சொன்னது நான்தான். இந்த வாயை என்ன செய்தால் தகும்?

நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் மலையூரில் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அது இறந்தவர்களின் நாள். ஆளுக்கொரு சாமந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அதில் முதல் ஆள் என் அண்ணன் அன்செல்மோ. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். பிரஷ்ஷும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் அம்மாவின் கல்லை அவன் தேய்க்கிற தேய்ப்பில் 'எல்வீரா' என்ற பெயரே பாதி அழிந்திருந்தது.

மண்ணில் புதைத்தவர்களுக்கு எங்கள் ஊரில் கெடு உண்டு. கெடு முடிந்ததும் குழியைத் தோண்டி எலும்பை எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் வந்து நின்றால் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுச் சுவர் மாடத்தில் வைக்கலாம். வராவிட்டால் எல்லோரோடும் சேர்த்துப் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள். அம்மாவின் எலும்பைத் தன் கையாலேயே எடுக்க வேண்டும் என்பது அன்செல்மோவின் ஒரே ஆசை. அவள் தன் கல்யாணத்துக்காகப் பூ வேலை செய்த லினன் துணி ஒன்றை அதற்கென்றே இஸ்திரி போட்டு வைத்திருந்தான். "அடுத்த வருஷம் கெடு. இதுல சுத்தித்தான் வைக்கணும்" என்பான். பக்கத்து மாடத்தைத் தனக்கென்று பதிவு செய்து வைத்திருந்தான்.

போன வருஷம் அவனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறி எழுந்தவனின் முகம் செத்துக் கிடந்தது. நவம்பர் முதல் இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் விடுமுறை வரவே, ஒஸ்தியாவுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் அந்தப் பழைய ரோமானிய நகரத்துக்குக் கூட்டிப்போன அன்று அவன் அம்மை போட்டுப் படுத்திருந்தான். அறுபது வருஷமாக அந்தக் குறை அவனுக்கு.

"ரெண்டாந்தேதி எப்படிடி போறது?"

"ஒரு வருஷம் போகலன்னா என்ன? அம்மா என்ன, எழுந்தா போயிடப் போறா?"

சிரித்துவிட்டான். ஆனாலும் திருட்டுத்தனமாக ஒரு சாமந்தித் தொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நகர வாசலுக்கு வெளியே, பாதையோரம் வரிசையாகக் கல்லறைகள். அன்செல்மோ அதைத் தாண்டவே இல்லை. கூரை போன ஒரு சின்னக் கல்லறையின் முன் நின்றுவிட்டான்.

"ஏண்டி ஓரியானா, ரெண்டாயிரம் வருஷமா இந்தப் பொம்பளைய யாரும் கிளப்பல பாரேன்."

"யாரு கண்டா, ஆம்பளையோ என்னமோ."

"பொம்பளதான். முகத்தப் பாத்தா தெரியல?"

கல்லில் செதுக்கிய உருவம் தேய்ந்து முகமே இல்லை. அவன் தொட்டியை அதன் காலடியில் வைத்தான். "அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்றான். அதற்குப் பிறகு அரங்கத்தின் படிகளில் உட்கார்ந்து அவித்த முட்டையும் பாதாம் பிஸ்கட்டும் தின்றோம். அன்றைக்கு அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தான். குளிர்காலம் முழுக்க வெளியூரில் இருக்கும் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். மார்ச்சில், அம்மாவின் நினைவு நாளன்று, ஊருக்குப் போனோம். கல் இருந்த இடத்தில் புதுமண் சமன் செய்து கிடந்தது.

"நோட்டீஸ் ஒட்டினோமே" என்றார் தோட்டத்து ஊழியர். "அக்டோபர் கடைசியிலேயே கல்லு மேலேயே ஒட்டினோம். ரெண்டாந்தேதி எல்லாரும் வருவாங்கன்னுதான் அப்ப ஒட்டறது. ஜனவரி வரைக்கும் பாத்தோம்."

அன்செல்மோ கெடுவைக் கல் நட்ட வருஷத்திலிருந்து எண்ணியிருந்தான். அம்மாவைப் புதைத்து ஒரு வருஷம், மண் இறுகிய பிறகுதானே கல்லை நட்டோம்? கெடு புதைத்த நாளிலிருந்து. ஊரில் அந்த இரண்டாம் தேதி ஒருவர் பாக்கியில்லாமல் அவரவர் கல்லின் முன் நின்றார்கள். நாங்கள் மட்டும் ஒஸ்தியாவில் முட்டை உரித்துக்கொண்டிருந்தோம்.

பொதுக்குழிக்கு ஓர் இரும்பு மூடி. அன்செல்மோ அதைப் பார்த்தான். "எந்தப் பக்கமா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டான். ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

இந்த வருஷமும் இரண்டாம் தேதி வந்தது. பழக்க தோஷத்தில் சாமந்தித் தொட்டி வாங்கிவிட்டான். ஊரே தோட்டத்துப் பக்கம் ஏற, அவன் தொட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றான். "வா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அதே கல்லறை. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான். தண்ணீரை ஊற்றி மெதுவாகத் தேய்த்தான். பிறகு அந்த லினன் துணியை எடுத்து ஈரத்தை ஒற்ற ஆரம்பித்தான். மூலையில் அம்மா தன் கையால் போட்ட பூ.

"ஐயா! ஐயா! கல்லத் தொடக் கூடாது!" காவலாளி ஓடி வந்தான். சின்ன வயசுக்காரன். சண்டைக்கு எனக்கு வாய் துறுதுறுத்தது.

"முடிஞ்சுது தம்பி" என்றான் அன்செல்மோ திரும்பாமலே.

காவலாளி துணியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். "யாருக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பூவ இங்க விட முடியாதும்மா. நாலரைக்கு அடைப்போம். அதுவரைக்கும் இருக்கட்டும், அப்புறம் நானே வந்து எடுத்துடறேன்."

அன்செல்மோ துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். வெயில் போனது. கூட்டம் வாசலைப் பார்த்துக் கலைந்தது. நாலரைக்கு அந்தப் பையன் வந்தான்.

இந்த முறை எடுக்கும்போது நாங்கள் கூட இருந்தோம்.