வீடு தேடி வந்த ஓட்டு

இருதயம்மாளுக்குப் பூவிழியைக் கண்டாலே ஆகாது. பூவிழி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: கேட்டவர்களுக்கெல்லாம் உதவி செய்தாள்.

அதற்கு முன்னால் அந்த உதவியெல்லாம் இருதயம்மாளின் ஏகபோகம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி, வாய்க்காலோடு உள்ளே போனால் வரும் ஊர் அது. யாருக்கு விதவை பென்ஷன் நின்றுபோனாலும், யார் வீட்டு மருமகளுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டியிருந்தாலும், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். போன் இல்லாதவர்களின் மனுக்களில் தன் நம்பரையே எழுதிவிடுவாள். பாதி ஊருக்குச் சேரவேண்டிய ஓ.டி.பி. அவள் போனில்தான் வந்து விழும். "அக்கா, எனக்கு நம்பர் வந்துருக்கா?" என்று வாசலில் யாராவது வந்து நின்றால்தான் அவளுக்குக் காலைக் காப்பியே இறங்கும்.

அப்புறம் அங்கன்வாடிக்கு மாற்றலாகிப் பூவிழி வந்தாள். வாக்காளர் பட்டியல் வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே செய்திருப்பார்கள். இவளோ வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, பெயர் விட்டுப்போனவர்களைச் சேர்த்து, போகிற போக்கில் பென்ஷனையும் விசாரித்துவிட்டு வந்தாள். போதாக்குறைக்கு, அவரவர் போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். ஒரு சாகுபடி முடிவதற்குள் இருதயம்மாளின் வாசல் காலியாகிவிட்டது. 'பூவிழி டீச்சர் மாதிரி வராது' என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. வெளியே சிரித்த முகமாகத்தான் இருந்தாள். தையல் மிஷின்தான் அவள் மிதியில் படாத பாடு பட்டது.

எல்லாம் போகட்டும், பஞ்சநாதன் இருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பஞ்சநாதன் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அவருக்குச் சக்கர நாற்காலி வாங்க அலைந்தது இருதயம்மாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துச் சாவடிக்குப் போவதும் அவள்தான். அன்றைக்கு ஊரே அவளைப் பார்க்கும். டீக்கடையில் எழுந்து நின்று வழிவிடுவார்கள். திரும்பும்போது பஞ்சநாதன் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருவார். "மத்ததெல்லாம் அடுத்தவங்கதான்க்கா எனக்குச் செய்யுறாங்க. இது ஒண்ணுதான் நானே அமுக்குறது" என்பார். அந்த ஒரு நாள் தன் கையில் இருக்கும்வரை பூவிழி எத்தனை வீடு ஏறி இறங்கினால் என்ன?

சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது பஞ்சநாதனே ஒரு செய்தி சொன்னார். "இந்தத் தடவை வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்குவாங்களாம்க்கா. நடக்க முடியாதவங்களுக்கு அப்படி இருக்காம். பூவிழி எழுதி வாங்கிட்டுப் போச்சு. வர்ற நாளைப் போன்ல சொல்லுவாங்களாம், உங்க நம்பர்தானே குடுத்துருக்கு."

பூவிழி எழுதி வாங்கிப்போனது இருதயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் இந்த நாற்காலியிலும் கை வைத்துவிட்டாளே!

போன் வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்ன நாளில் அவருடைய படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றவேண்டும் என்று பஞ்சநாதனை நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவர் மனைவி நாகம்மாள் உளுந்து பறிக்கப் போயிருந்தாள். வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் பூவிழி இருதயம்மாள் வாசலுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து அண்ணன் வீட்டுல இல்லாமப் போயிட்டாரு. சனிக்கிழமை இன்னொரு தடவை வருவாங்க, அதோட சரி. எனக்கு அன்னைக்கு வெளியூர்ல ட்ரெய்னிங் போட்டுட்டாங்க. வீட்டுலயே இருக்கச் சொல்லி அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா? உங்களவிட அவரை யாருக்கா பொறுப்பா பாத்துக்குவா?"

"சொல்லிடுறேன்" என்றாள் இருதயம்மாள்.

சொல்லவில்லை. அவருக்குக் கெடுதல் செய்கிறோம் என்று அவள் நினைக்கவும் இல்லை. ரேஷனில் ஒரு நாள் விட்டால் இன்னொரு நாள் வாங்கிக்கொள்வதில்லையா? வீட்டில் போடாத ஓட்டைச் சாவடியில் போட்டுக்கொண்டால் போகிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் பத்துப் பேரை விசாரிக்கிறவள், இதை மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிப்பதென்றால் பூவிழியிடம் போய் நிற்கவேண்டும்.

சனிக்கிழமை நாகம்மாள் உளுந்து வயலுக்குப் போனதும், டாக்டர் மறுபடி வரச்சொன்னார் என்று துரைராசுவின் ஆட்டோவில் அவரை ஏற்றினாள். திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. எப்போதும் அந்த கேட்டைத் திட்டித் தீர்ப்பவள், அன்று அது சீக்கிரம் திறந்துவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். சரக்கு ரயில் ஒன்று முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருந்தது. மாதாவே தன் பக்கம் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வீட்டுக்கு யாரும் வரவே இல்லையேக்கா?" என்று இரண்டு நாள் கழித்துப் பஞ்சநாதன் கேட்டார்.

"கவர்மெண்டு காரியம் அப்படித்தான் தம்பி. நான் எதுக்கு இருக்கேன்? கூட்டிட்டுப் போறேன்."

ஓட்டுப் போடும் நாளில் ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தள்ளினாள். டீக்கடையில் எழுந்து வழிவிட்டார்கள். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியதுகூட அவளுக்கு இனித்தது.

சாவடியில் முதல் மேசைக்காரர் பட்டியலைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இவருக்குத் தபால் ஓட்டுன்னு போட்டுருக்கு. இங்க போட முடியாதுங்க."

"வீட்டுல போடலிங்களே," என்றார் பஞ்சநாதன்.

"போட்டாலும் போடாட்டியும் இங்க கிடையாதுங்க. ரெண்டு தடவை வந்தும் ஆள் இல்லைன்னு எழுதியிருப்பாங்க."

வெளியே உதவி மேசையில் இருந்த பூவிழி ஓடிவந்தாள். அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. பிறகு திரும்பி இருதயம்மாளைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே பூவிழிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இப்போது ஊர் நடுவில் மானம் போகப்போகிறது என்று இருதயம்மாள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"என் தப்புதாண்ணே," என்றாள் பூவிழி. "நான் நேர்ல வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அந்த நேரத்திலும் இருதயம்மாளுக்கு வயிறு எரிந்தது. இந்த நல்ல பெயரையும் இவளே வாங்கிக்கொண்டாளே என்று எரிந்தது.

திரும்பும் வழியில் டீக்கடையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "என்ன பஞ்சநாதா, போட்டாச்சா?" அவர் கையைத் துண்டுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பேசினார். "அந்தப் பொண்ணைச் சொல்லிக் குத்தமில்லக்கா. வீட்டுல போடுறேன்னு நான்தான் கேட்டேன். போன தடவை இந்த ஏத்தத்துல உங்களுக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்துச்சே. பாக்க மனசு கேக்கல. எனக்காக நீங்க ஏன் சாகணும்?" துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். "இனிமே இந்த வீட்டு ஓட்டெல்லாம் வேணாம். அடுத்த தடவையும் நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவள் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. நாற்காலியும் அவளுக்குத்தான், அடுத்த தேர்தலும் அவளுக்குத்தான். ஆனால் கால் ஏறவில்லை. பாலத்தின் அடியிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, பூவிழி எங்கிட்ட வந்து சொன்னா. ரெண்டாவது தடவை வருவாங்கன்னு. நான்தான் உங்ககிட்ட சொல்லல. தெரிஞ்சேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

பஞ்சநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்து, மை இல்லாத விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசலில் நாகம்மாள் நின்றிருந்தாள்.

"நாகம்மா," என்று குரல் கொடுத்தார். "இங்க வா. நீ வந்து தள்ளு."

நாகம்மாள் வந்து கைப்பிடியைத் தொட்டபோதுதான், தன் கை இன்னும் அதை விடவில்லை என்பது இருதயம்மாளுக்குத் தெரிந்தது.