தமிழ்மணி வீட்டு மூன்றாவது குடும்பம்

தேனீ வளர்ப்பைப் பற்றித் திருச்சிப் பக்கம் எங்கே கூட்டம் நடந்தாலும் உறையூர் தமிழ்மணி அங்கே இருப்பார். மின்வாரியத்தில் வேலை, ஞாயிறு லீவு, மொட்டைமாடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி. அந்த ஒரு பெட்டிக்காக அவர் கேட்ட பேச்சுகளை வைத்து ஒரு தோப்பையே நடத்தியிருக்கலாம்.

கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. பெட்டியின் வாசல் கிழக்கே பார்க்கட்டும் என்று ஒருவர் சொன்னால் அன்று சாயங்காலமே பெட்டி கிழக்கே திரும்பும். வெயில் ஆகாது என்று இன்னொருவர் சொன்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகரும். சர்க்கரைப் பாகு வைக்கச் சொன்னார்கள், வைத்தார். வைக்கக் கூடாது என்றார்கள், எடுத்தார். நடுநடுவே ராணி நலமா என்று மூடியைத் திறந்து, அடை கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படி உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு பெட்டியில் வாழும் தேனீக்களைக் குடும்பம் என்றுதான் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அப்படி இரண்டு குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோய்விட்டன. மூன்றாவது வந்து இறங்கியதும் மனைவி பானுமதி கறாராகச் சொல்லிவிட்டார்: இதுவும் போனால் பெட்டியில் செருப்பு வைக்கப்படும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களும் அத்தோடு சரி. தமிழ்மணி நிஜமாகவே பயந்துபோனார். தேனைவிட அவருக்கு அந்தக் கூட்டங்கள்தான் உயிர். ஆபீஸில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை, அங்கே இருந்தது.

பயத்தில் பெட்டியை இன்னும் அடிக்கடி திறந்தார். தேனீக்கள் குடிக்கத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தவர், தட்டும் தண்ணீருமாக மாடிப்படி ஏறும்போது வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். படியேறவே கூடாது என்றார் டாக்டர்.

கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இருக்கா, போயிடுச்சா? பானுமதிக்குத் தேனீ என்றால் நடுக்கம். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களுக்கு அடியில் வைத்திருந்த கிண்ணங்களில் தள்ளி நின்றே தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவருவார். இருக்கு, பேசாம படுங்க என்பார்.

கட்டுப் பிரித்ததும் தமிழ்மணி கம்பை ஊன்றி மாடி ஏறினார். முருங்கையும் புங்கையும் பூத்து முடிந்திருந்த சமயம். மூடியைத் தூக்கினால், எல்லாச் சட்டங்களிலும் மெழுகு மூடிய தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்தி காட்டூர் கமர் ஜஹானுக்குப் போனது. கூட்டங்களை ஏற்பாடு செய்வது அந்த அம்மாள்தான். ஸ்ரீரங்கத்தில் நடக்கும் அடுத்த கூட்டத்தில் தமிழ்மணி பேசியே ஆக வேண்டும் என்றார். தமிழ்மணிக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறையில் பேசிப் பார்த்தார். பானுமதியையும் கையோடு அழைத்துப் போனார்.

அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு சின்ன ஹால். அவர் மைக் முன்னால் நின்றதும் எல்லாரும் பேனாவைத் திறந்தார்கள்.

"எங்க யாருக்கும் இந்த வருஷம் இப்படித் தேன் வரல சார்," என்றார் கமர் ஜஹான். "அப்படி என்னதான் செஞ்சீங்க, சொல்லுங்க."

கிழக்கு வாசல், நிழல், பாகு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. எதிரே பானுமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன் சேர்ந்த நாட்களில் அதில் எதையுமே தான் செய்யவில்லை என்பது தமிழ்மணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கால ஒடிச்சுக்கிட்டேங்க," என்றார்.

முன்வரிசையில் ஒருவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"மாடி ஏற முடியல. பெட்டியத் திறக்க ஆளில்ல. அதுங்க நிம்மதியா இருந்துச்சு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரித்தவர்களில் பாதிப்பேர் முகத்தில் அசடு வழிந்தது; அவரவர் வீட்டுப் பெட்டி ஞாபகம் வந்திருக்கும். அப்படியானால் இனி கூட்டத்துக்கே வர வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். தாராளமாக வாருங்கள், வீட்டுக்குப் போனதும் பெட்டிப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றார் தமிழ்மணி. கைதட்டல் விழுந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் என்றுமே இருந்ததில்லை.

திரும்பும் வழியில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. இனி கூட்டத்துக்குப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"மாசாமாசம் போங்க. நானும் வரேன்," என்றார் பானுமதி. "மாடிக் கதவுச் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."