ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

காலை ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் தொப்பியைக் காற்று பறிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் குடாவின் எதிர்க்கரையில் அந்தச் சட்டை தெரிந்தது. போன வருடம் லண்டனிலிருந்து வந்து குடியேறிய ஹாரியட்டின் வேலிக்குக் கொஞ்சம் கீழே, பாறை விளிம்பில், வெள்ளையாகப் படபடத்தது. எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் ஓய்வுநாள்; யாரும் துணி காயப்போடுவதில்லை, படகு இறக்குவதில்லை. வாரம் முழுக்க ஆட்டுக்கு விலை பேசுகிற நான்கூட அன்றைக்கு வாயை மூடி வைத்திருப்பேன், கூடிய மட்டும்.

“துணி காயுது பாத்தியா, கென்னத்?” என்றார் சபை மூப்பர் ஃபின்லே, எதையும் பார்க்காதவர் போல.

“நல்ல காத்து, மூப்பரே. ஆண்டவர் சும்மா குடுக்குறத எதுக்கு விடணும்னு நெனச்சிருப்பா.”

நாலைந்து பேர் சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். என் தங்கை எஃபி சிரிக்கவில்லை. “வெக்கங்கெட்டவ. நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்கண்ணே” என்று என் கையைப் பிடித்துத் திருப்பினாள். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டோம். பார்த்தாலே பாவத்தில் நமக்கும் ஒரு பங்கு விழுந்துவிடுமே.

எஃபியின் கணவன் டொர்குல் ஊரில் இல்லை. கடற்குகைகளுக்குள் புகுந்து பார்ப்பது அவனுக்குப் பைத்தியம். முந்தின நாள் மதியம் சின்னத் துடுப்புப் படகில் கிளம்பியவன், இரவு வடக்குத் துறையில் நண்பன் வீட்டில் தங்குவதாகவும், ஞாயிறன்று படகு எடுக்கக் கூடாதென்பதால் திங்கள் வருவதாகவும் சொல்லியிருந்தான். “உள்ள அப்படி என்னதான் மச்சான் இருக்கு? சொன்னா வித்துத் தர்றேன்” என்பேன். “இருட்டுதான். மொத்தமா எடுத்துக்கோ” என்பான்.

எஃபி தன் வீட்டில் எனக்கும் சேர்த்துச் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாரியட் கதவைத் தட்டினாள். ஓடி வந்திருந்தாள்.

“வழியில யாருமே என் முகத்தப் பாக்கல. ஏன்னு இப்பத்தான் ஒருத்தர் சொன்னார். அது என் துணி இல்லைங்க. எனக்கு அங்க கொடியே கெடையாது. வேலியோரம் போய் எட்டிப் பாத்தேன். கீழ, குகை வாய்க்கு மேல, பாறை இடுக்குல ஒரு துடுப்பச் சொருகி அதுல கட்டியிருக்கு.”

எஃபி கையிலிருந்த கிண்ணத்தைச் சிந்தாமல் மேசையில் வைத்தாள்.

“நீலக் காலரா?”

“ஆமா.”

“நான்தான் அவருக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேன்” என்றாள் எஃபி. “நான்தான் பாக்காதீங்கன்னு சொன்னேன்.”

நாங்கள் கரைக்கு ஓடியபோது கடல் ஓதம் ஏறியிருந்தது. துடுப்பும் இல்லை, சட்டையும் இல்லை. குகை வாயில் பாதி தண்ணீர். மீட்புப் படகு வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஆராதனைக்குப் போட்ட காலணியோடு முழங்கால் தண்ணீரில் நின்று தன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார் ஃபின்லே. எழுபது வயதில் அவர் ஞாயிற்றுக்கிழமை படகைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

“நான் பாத்தேன் கென்னத். நல்லாவே பாத்தேன்” என்றார். நான் எஃபியைப் படகில் ஏற்றிவிட்டு மறுபக்கத்திலிருந்து தள்ளினேன்.

தலையைக் குனிந்துகொண்டு குகைக்குள் நுழைந்தோம். ஃபின்லே எஞ்சினை நிறுத்தினார். நான் விளக்கை உள்ளே அடித்தேன். கோடியில், தண்ணீருக்கு மேல் இன்னும் மிஞ்சியிருந்த கல்மேட்டில், கடல்நாய்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகப் பச்சையாய் மின்னியது.

“டொர்குல்!” என்று கத்தினாள் எஃபி.

எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அவற்றின் நடுவே, அவற்றைப் போலவே நனைந்து கறுத்துக் கிடந்த, சட்டையில்லாத ஒரு மனித உருவத்தில் மட்டும் கண் மின்னவில்லை. அதை ஒட்டிப் படுத்திருந்த பெரிய கடல்நாய் எங்களைப் பார்த்து உறுமியது, அசையவில்லை. நான் விளக்கை இன்னும் உயர்த்துவதற்குள் எஃபி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.