துணி மூடிய தட்டு

பட்டறையில் எல்லாரும் அவளைப் பிசிறு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பித்தளை வால்வுகளில் இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும் இடத்தில் மயிரிழை போலப் பிசிறு நிற்கும். வளைந்த முனைக் கத்தியை விட்டுச் சுற்றி அதை வழித்தெடுப்பாள். பிறகு குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டு இழுப்பாள். பஞ்சு மாட்டாமல் வந்தால் வேலை முடிந்தது. முடிந்த தட்டின்மேல் ஒரு துணி. வேலை முடிந்ததற்குப் பட்டறைக்கே அதுதான் அடையாளம்.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்தால், பிசிறு எடுக்காமல் வைத்துப்போன தட்டைக் காணோம்.

"இங்க இருந்த தட்டு எங்க தம்பி?"

புதிதாகச் சேர்ந்த மெஷின்காரன் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். "தூசி விழுதேன்னு நான்தான் துணி போட்டு மூடினேன்க்கா. உடனே வந்து பேக்கிங்குக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க."

மூச்சுக்கருவிக்குப் போகும் வால்வுகள் அவை. ஒரு பிசிறு உடைந்து அடைத்தால் யாருடைய மூச்சோ நிற்கும். வீட்டில் மாமனார் தூங்குவதே அப்படி ஒரு கருவியை நம்பித்தான்.

"ஆண்டவனே, ஒண்ணுகூட வெளிய போயிருக்கக் கூடாது" என்று ஓடினாள். மெஷின்காரனும் பின்னாலேயே ஓடினான்.

பேக்கிங் அறையில் பெட்டிகள் வாய் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வால்வையும் உள்ளும் புறமும் பஞ்சால் எண்ணெய் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார் பேக்கிங் அண்ணன். அதனாலேயே அவருக்கு ஆமை என்று பெயர்.

"என்னம்மா, வீடு பத்திக்கிச்சா? இப்படி ஓடி வர்ற?"

"அண்ணே, இப்ப வந்த தட்டு..."

"அந்தா, ஓரமா இருக்கு பாரு. மொத வால்வுலயே பஞ்சு மாட்டிக்கிச்சு. நீ பாத்த சாமான்ல மாட்டாதே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். ஒண்ணும் பெட்டிக்குள்ள போகல. ஒன்கிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு வெச்சிருக்கேன்."

அவள் காலிப் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"இனிமே எவனாச்சும் உங்களை ஆமைன்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்."

"சொல்லிட்டுப் போறான் விடும்மா. நான் தொரத்திப் பிடிக்கவா போறேன்?"

மெஷின்காரன் வாசலிலேயே பேயறைந்தது போல நின்றான். "என்னாலதானேக்கா..."

"நல்லது நெனச்சுத்தானே மூடின? துணி எதுக்குன்னு நாங்க யாரும் உனக்குச் சொல்லல. வா, ஒரு கை பிடி."

தட்டை இருவரும் தூக்கி வந்தார்கள். அவள் பிசிறை வழித்தெடுக்க, அவன் பஞ்சை விட்டு இழுத்தான். வெள்ளையாக, இழை பிரியாமல் வெளியே வந்தது. அவள் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் துணியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இப்ப மூடு."