ஒரு சாண் உயர்த்திய படகு

அன்று விடியலில் கரையில் இருந்தவர்கள்: முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, வலை தைக்கும் அக்கா, படகுக்காரர்கள் ஏழு பேர், நான். அந்த ஏழில் நான் சேர்த்தியில்லை. ஐஸ் கம்பெனி இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்பதால் எனக்கு ஆந்தை என்று பெயர். கடலுக்குப் போவேன், வருவேன், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நாலு வருடமாக இதுதான்.

எட்டுப் படகும் முதலாளியுடையவை. பிடித்ததில் பாதி அவருக்கு. என் படகுக்கு விளிம்பு தாழ்வு. அலை சற்று நிமிர்ந்தாலே தண்ணீர் உள்ளே. இன்ஜின் கைப்பிடியில் ஒரு கை, தண்ணீர் இறைக்கும் வாளியில் ஒரு கை. வலைக்கு மூன்றாவது கை வேண்டும்.

காற்றடித்துக் கடல் மூடிக் கிடந்த இரண்டு மாதத்தில் அதன் விளிம்பை ஒரு சாண் உயர்த்தினேன். பழைய பிளைவுட்டைப் பட்டை பட்டையாக அறுத்தேன். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தேன். வெட்டிய பாட்டிலில் பிசினைக் கலக்கினால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்குள் ஃபைபர் துணியை ஒட்டி, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இழை மணிக்கட்டில் ஏறினால் மூன்று நாள் அரிக்கும். பட்டையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தினேன்.

அன்று அதை உருளைக் கட்டை மேல் ஏற்றித் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நல்லா இருக்கு" என்றவர் அந்த ஏழு பேரில் ஒருவனான நெட்டையைக் கூப்பிட்டார். "இனிமே இத நீ எடுத்துக்க. இது ரெண்டு ஆளு தாங்கும், கூட ஒருத்தனச் சேத்துக்க. ஒத்தையாப் போறவனுக்கு எதுக்கு? உன் ஓட்டைப் படக ஆந்தை எடுத்துக்கட்டும்."

"பலகை என்னுது மொதலாளி."

"கழட்டிக்க."

கழற்ற முடியாது. அந்தக் கரையில் ஒரு சட்டம் உண்டு: ஆணி அடித்ததும் ஒட்டியதும் படகுக்கு, போல்ட் போட்டது ஆளுக்கு. எப்போதோ ஒருவன் இருக்கைப் பலகையைப் பிடுங்கப் போய்ப் படகில் பிளவு விழ, முதலாளியே போட்ட சட்டம். அதனால் மற்ற ஏழு பேரும் எல்லாவற்றையும் போல்ட் போட்டே வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை என்னிடமிருந்து படகைப் பூட்டும் சங்கிலியின் சாவியை வாங்கி நெட்டையிடம் நீட்டினார். நெட்டை வீட்டில் ஐந்து வாய். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அக்கா ஊசியை நிறுத்தாமல் பேசினாள். "இன்னிக்கு ஆந்தை. நாளைக்கு எவன் படகு நல்லா இருக்கோ அவன். ஓட்டையா வச்சிருந்தாத்தான் கையில நிக்கும் போல."

வலையைப் பார் என்றார் முதலாளி.

"அதத்தான் பாக்கறேன். நீங்க வீசறது இதவிடப் பெருசா இருக்கு."

ஏழு பேரில் மூத்தவரான தாடி ஸ்பானரை எடுத்துத் தன் படகில் ஏறினார். இருக்கைப் பலகையின் துருப்பிடித்த போல்ட் கிரீச்சிட்டுத் திரும்பியது. அடுத்த படகிலும் அதே சத்தம். பிறகு அதற்கடுத்ததில். நெட்டை மட்டும் சாவியோடு நின்றான்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் முதலாளி.

"போல்ட் போட்டது ஆளுக்கு. நீங்க சொன்னதுதானே மொதலாளி."

"அப்புறம் கடலுக்கு எதுல போவீங்க?"

"நீங்க குடுத்த படகு அப்படியே இருக்கு. உக்கார எடமில்ல, மீன் போடப் பெட்டியில்ல. நீங்களே ஒருதரம் போய்ட்டு வாங்க." தாடி கழற்றிய நட்டுகளை மடியில் கட்டிக்கொண்டார். "ஆந்தை படகு ஆந்தைகிட்ட வரட்டும். அப்புறம் மாட்டறோம்."

கழற்றியதை எங்கே வைப்பது? கொட்டகை முதலாளியுடையது. அவர்கள் வீடுகளில் கால் நீட்ட இடமில்லை. என் அறையில் யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள். யாருமில்லை என்றேன்.

ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஆணியில் ஒரு சட்டை இருந்த அறைக்குள் பலகைகளும் மீன் பெட்டிகளும் விளக்குக் கம்பங்களும் ஏறின. ஆளுக்கொரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார்கள். கடலில்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்றான் ஒருவன். டீ போட்டேன். ஒற்றை டம்ளர் சுற்றி வந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், எந்த அளவு போல்ட் போடுவீர்கள் என்று தாடியிடம் கேட்டேன்.

"அர இஞ்சு. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். வந்து பலகையும் புடிச்சிருப்பேன்."

வேறு கரையிலிருந்து முதலாளி ஆள் கொண்டு வருவார் என்றார்கள். நெட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளை அவன் அந்தப் படகை இறக்கினால் எல்லாம் முடிந்தது.

உச்சி வெயிலில் வாசல் இருண்டது. நெட்டை நின்றான், தோளில் அவனுடைய பழைய படகின் இருக்கைப் பலகை. அவனுக்குப் பின்னால் தெருக்கோடியில் கணக்குப்பிள்ளை நின்று யார் யாரென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவிய மொதலாளி மேசையில வச்சிட்டேன்" என்றான். "இத எங்க வைக்கட்டும்?"

தாடி நகர்ந்து இடம் விட்டார். நெட்டை குனிந்து உள்ளே வந்தான். நான் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.